"நான் போனால் இவனுக்கு ஆர் சோறு வைக்கிறது?"

"நான் வரமாட்டன் பிள்ளை. காய்ச்சல் எனக்குத்தானே? எனக்கு வந்தது என்னோடையே போகட்டும். நான் போனால் இவனுக்கு ஆர் சோறு வைக்கிறது?"

2021ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம் அது. நாடு முழுவதும் பயணத்தடை விதிக்கப்பட்டிருந்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் நான் பணியாற்றிய மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், ஒரு படலைக்கு வெளியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் நானும் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே, மாமரத்தின் கீழ் கதிரையில் ஓர் அம்மா. வயது அறுபத்தெட்டு. தனியே வாழ்பவர். அவருடைய காலடியில் மண்ணிற நாய் ஒன்று படுத்திருந்தது. பெயர் ஜிம்மி. அடுப்படி வாசலில் இரண்டு பூனைகள், வளவுக்குள் ஏழெட்டுக் கோழிகள்.

அம்மாவுக்குக் கொவிட் தொற்று உறுதியாகியிருந்தது. நான்கு நாட்களாகக் காய்ச்சலை எவருக்கும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். மூச்சு வாங்கத் தொடங்கியதைக் கண்ட அயல்வீட்டுப் பெண்தான் எனக்குத் தொலைபேசியில் அறிவித்தவர். சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோக வாகனம் வந்து நிற்கிறது. அம்மா எழும்ப மறுக்கிறார். அவர் பயந்தது நோய்க்கோ ஊசிக்கோ அல்ல என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"ஒரு நாய்க்காக உயிரை விடுவதா?" என்று பரிசோதகர் சலித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் போகவேண்டிய வீடுகள் இன்னும் பல இருந்தன. ஆனால் வன்னியில் வாழ்ந்த பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வேறுவிதமான மறுமொழிதான் கிடைக்கும்.

ஒருமுறை விட்டுவிட்டு வந்தவர்கள்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீதிக்கு இறங்கியபோது வீட்டுப் பிராணிகளை எவராலும் கொண்டுபோக முடியவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டோம், கோழிக்கூட்டைத் திறந்துவிட்டோம், நாய் சந்திவரைக்கும் பின்னால் வந்தது என்று இன்றைக்கும் சொல்லிக் கண் கலங்குபவர்கள் இருக்கிறார்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடத்துக்கு இடம் மாறியவர்களின் கதையும் இதுதான். இந்த அம்மாவின் வீட்டிலும் அப்போது ஒரு நாய் இருந்தது. உழவு இயந்திரத்தின் பின்னால் அது ஓடிவந்ததையும், ஒரு மதகடியில் களைத்து நின்றுவிட்டதையும் அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். மகன் காணாமல்போனதைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. நாயைப் பற்றித்தான் கதைப்பார். உளவளத்துணைப் பயிற்சியில் இதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சொல்ல முடியாத பெரிய இழப்புக்குப் பக்கத்தில் சொல்லக்கூடிய சிறிய இழப்பு ஒன்று இருக்கும். மனிதர் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் வீடு இருக்கவில்லை. தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பெட்டை நாயின் வழியில் வந்தவன்தான் இந்த ஜிம்மி. இரவில் படலை ஆடினால் முதலில் எழும்புபவன் அவன்தான். தனித்து வாழும் பெண்ணுக்கு நாய் என்பது செல்லப்பிராணி மட்டுமல்ல, அதுதான் கதவுத் தாழ்ப்பாள். இதைப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு வேலை செய்த எவரும் அறிவார்கள்.

போதாததற்கு, தனிமைப்படுத்தலுக்கு ஆட்களை ஏற்றிய முறையும் பழைய நினைவுகளைக் கிளறிவிட்டது. வீட்டு வாசலில் பஸ், ஒரு பையில் உடுப்பு, எத்தனை நாள் என்று தெரியாத பயணம். வடக்கில் பம்பைமடு, கேப்பாப்பிலவு போன்ற இடங்களில் இருந்த தனிமைப்படுத்தல் நிலையங்கள் படையினரின் பொறுப்பிலேயே இயங்கின. நோய்த்தடுப்புக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஏற்கனவே ஒருமுறை பஸ்ஸில் ஏற்றப்பட்ட பெண்ணுக்கு அது வெறும் சுகாதார நடவடிக்கையாகத் தெரியாது.

நான் கேட்டுவிட்டுப் போன குரல்

அந்த அம்மாவின் படலையில் நான் பொறுமையாக நின்றதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதை எழுத மனம் கூசுகிறது. என்றாலும் எழுதத்தான் வேண்டும்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு தொடங்கியது. சில மாவட்டங்களில் அது இடையிடையே தளர்த்தப்பட்டாலும் யாழ்ப்பாணம் அபாய வலயமாகக் கணிக்கப்பட்டு வாரக்கணக்கில் மூடப்பட்டிருந்தது. அந்த நாட்களில் உலர் உணவுப் பொதிகள் கொடுக்கும் வேலையில் நான் இருந்தேன். ஓர் ஒழுங்கையில் ஒரு குடும்பத்தினர் முழுவதையும் இரவோடு இரவாகத் தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். படலையில் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. வீட்டின் பின்புறம், கிணற்றடியில் நாய் ஒன்று குரைத்துக்கொண்டிருந்தது. குரைப்பு என்று சொல்ல முடியாது. இழுத்து இழுத்து அழுதது.

நான் கேட்டேன். கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் பொதி கொடுக்கப் போனேன். அறிவித்தல் ஒட்டிய வளவுக்குள் காலெடுத்து வைக்க அயலவர் பயந்தார்கள், நானும் பயந்தேன். நாயிலும் கிருமி இருக்கும் என்றுதான் எல்லோரும் கதைத்தார்கள். ஒருநாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, ஆட்களைப் பார்த்துப் பாய்ந்துவிடக் கூடாதென்று சங்கிலியில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அவர்கள் திரும்பியது இரண்டு வாரம் கழித்து. நாய் ஐந்தாம் நாளோடு சத்தம் நிறுத்திவிட்டதாக எதிர்வீட்டு அக்கா சொன்னார். அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. அவள் கிணற்றடிப் பக்கம் போகாமல் எத்தனை மாதம் இருந்தாள் என்பதைத் தாய் சொல்லக் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

நாங்கள் கொண்டு திரிந்த விபரப் படிவத்தில் எத்தனை பேர், கர்ப்பிணி உண்டா, மாற்றுத்திறனாளி உண்டா, தொடர்ச்சியாக மருந்து எடுப்பவர் உண்டா என்றெல்லாம் நிரல்கள் இருந்தன. மாடு, ஆடு, கோழி வாழ்வாதாரம் என்பதால் அவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. நாய்க்கும் பூனைக்கும் கட்டம் இல்லை. விற்க முடியாத உயிர் கணக்கில் வருவதில்லை. சமூகவியல் படித்த எனக்கு இது புதிதாகத் தெரிய வேண்டிய விடயமல்ல. அன்றைக்குப் பின்னர் படிவத்தின் ஓரத்தில், "வீட்டில் என்ன பிராணி, யார் பார்ப்பார்" என்று பேனையால் எழுதிக்கொண்டேன். அதனால்தான் ஒரு வருடத்துக்குப் பின்னர் அந்த அம்மாவின் கேள்வி எனக்கு விசர்க்கதையாகப் படவில்லை.

நாயிலிருந்து எங்களுக்கு வருமா?

அந்தப் பயத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். கொவிட் முக்கியமாக மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவிய நோய். தொற்றிய நாய்களிலும் பூனைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு அது வீட்டு மனிதரிடமிருந்தே போனது. 2020இன் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் ஒரு நாய்க்கு இலேசான தொற்று இருப்பது கண்டறியப்பட்டது. அதன் எசமானிக்குத் தொற்று இருந்தது. 2021 யூன் மாதத்தில் எமது தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் ஒரு சிங்கத்துக்கும் தொற்று உறுதியானது. கூட்டை விட்டு வெளியே போகாத சிங்கத்துக்கு அது மனிதரிடமிருந்தல்லாமல் வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

பூனைக்குத் தொற்றும் வாய்ப்பு நாயைவிட அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டின. கோழிக்கும் தாராவுக்கும் தொற்றவில்லை. பிராணியிலிருந்து மனிதருக்கு வரவே வராது என்றும் சொல்ல முடியாது. தாய்லாந்தில் ஒரு பூனை தும்மியதால் மிருக வைத்தியர் ஒருவருக்குத் தொற்றியதாகவும், ஹொங்கொங்கில் கடையில் விற்கப்பட்ட அம்ஸ்ரர் எலிகளிலிருந்து பரவியதாகவும் பதிவுகள் உண்டு. ஆனால் அவை மிக அரிதானவை. நாய்மயிரிலோ பூனைமயிரிலோ கிருமி ஒட்டிக்கொண்டு பரவும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பயந்துபோய் வளர்த்த பிராணியைச் சந்தையடியிலும் கோயிலடியிலும் கொண்டுபோய் விட்டதற்கு எந்த நியாயமும் இருக்கவில்லை.

பயம் வேறு தீங்கும் செய்தது. கிருமி போகட்டும் என்று பூனையைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் குளிப்பாட்டிய ஒரு வீட்டை எனக்குத் தெரியும். பூனை தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. மேலில் பூசியது முழுவதும் வயிற்றுக்குள் போகும். நிலம் கழுவும் திராவகம், குளோரின், கைக்குப் பூசும் திரவம் எதுவும் பிராணிகளின் மேனியில் படக்கூடாது. கட்டாயம் கழுவத்தான் வேண்டுமென்றால் சாதாரண தண்ணீர் போதும். இன்னொன்றும் சொல்லவேண்டும். பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கும் மிருக வைத்தியரைக் கேளாமல் மனிதரின் மருந்தைக் கொடுக்கக்கூடாது.

போகுமுன் செய்யவேண்டியவை

கொவிட் உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது. ஆனால் வீட்டைவிட்டுத் திடீரென்று போகவேண்டிய நிலை எமது பெண்களுக்குப் புதிதல்ல. டெங்கு வந்தாலும், பிரசவத்துக்குப் போனாலும், வெள்ளம் வந்தாலும் படலையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். ஆகவே அந்த அம்மாவோடும், பிறகு வேறு பல வீடுகளோடும் சேர்ந்து நாங்கள் கண்டுபிடித்த வழிகளை இங்கே தருகிறேன்.

முதலில், ஆளை இப்போதே தெரிவு செய்யுங்கள். இரண்டு வீடுகள் தமக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம், உன்னுடையதை நான் பார்க்கிறேன், என்னுடையதை நீ பார் என்று. பேசினால் மட்டும் போதாது. கிழமைக்கு ஒருநாள் அந்த ஆளின் கையாலேயே சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள். நாய் அவரின் வாசனையையும் குரலையும் பழகிக்கொள்ளும். பழகாத ஆளை வளவுக்குள் விடாத நாய்தான் நல்ல காவல்நாய். அந்த நல்ல குணமே அதைப் பட்டினி போட்டுவிடும்.

கட்டிவிட்டுப் போகாதீர்கள். ஆட்களைக் கடிக்கும் நாயானால் அறைக்குள் அடைக்காமல், நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தை வேலியால் மறித்து விடலாம். தண்ணீரைப் பாரமான இரண்டு மண்சட்டிகளில் வையுங்கள். பிளாஸ்ரிக் கோப்பையை நாய் தட்டிவிடும், வெயிலில் ஒரு பொழுதுக்குள் நாக்கு வறண்டுவிடும்.

உணவு விடயத்தில் நாங்கள் எவரும் பெட்டி உணவு வாங்குபவர்கள் அல்லர். 2020 ஏப்ரலிலும் மேயிலும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாவில் பிள்ளைகளின் வயிற்றையே நிரப்ப முடியவில்லை. ஆனாலும் குறுணல் அரிசி ஒரு பேணியில், நெத்தலிக் கருவாடு சிறிது ஒரு போத்தலில் ஒதுக்கி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். கருவாட்டை ஊறவைத்து உப்புப் போகக் கழுவிச் சோற்றோடு வேகவைக்க வேண்டும். பூசணிக்காய் சேர்க்கலாம். வெங்காயம் போட்ட கறி நாய்க்கும் பூனைக்கும் கூடாது, இரத்தத்தைக் கெடுக்கும். சொக்லேற் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு ஈட்டிபோல உடைந்து குடலைக் கிழிக்கும். மீன் முள்ளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிராணியின் பெயர், எத்தனை வேளை சாப்பாடு, தடுப்பூசி போட்ட திகதி, பார்ப்பவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். உங்களைக் கொண்டுபோக வரும் உத்தியோகத்தரிடம், "வீட்டில் நாய் இருக்கிறது, இன்னார் பார்ப்பார்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கேட்டால் ஏசுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் தருபவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே தனிமைப்பட்டிருக்க வேண்டி வந்தால், சுகமாக உள்ளவர் பிராணிகளைப் பார்க்கட்டும். நீங்கள் தனியாள் என்றால் முகக்கவசம் அணிந்து, முன்னும் பின்னும் சவர்க்காரத்தால் கை கழுவி, சாப்பாட்டை வைத்துவிட்டு விலகி இருங்கள். கொஞ்ச நாளைக்குப் பூனையைப் பாயில் படுக்க விடவேண்டாம். முகக்கவசத்தை நாய்க்கும் பூனைக்கும் போட்டு மூச்சை அடைக்காதீர்கள். (சிரிக்காதீர்கள், கண்ணால் கண்டிருக்கிறேன்.)

மறந்துபோன பழைய நோய்

கொவிட் பயத்தில் நாங்கள் மறந்தது நாய்களால் உண்மையாகவே வரக்கூடிய நோயை, அதாவது விசர்நாய்க்கடி நோயை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மனிதருக்கு வருவதில் மிகப்பெரும் பகுதி நாய்க்கடியால்தான். குறிகள் தென்பட்ட பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. எமது நாட்டில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுத்தான் இந்த மரணங்களைப் பெரிதும் குறைத்தார்கள். ஊரடங்குக் காலத்தில் எங்கள் பகுதியில் நடமாடும் தடுப்பூசிச் சேவை நின்றுபோனது. பிறகு தொடங்கியபோது, தவறவிட்ட ஊசியைப் போடவேண்டும் என்று பல வீடுகளில் நினைவே இல்லை.

உங்கள் நாயின் ஊசிப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் கடந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். அவர்கள் நடத்தும் முகாம்களில் ஊசி இலவசம். பூனைக்கும் போடவேண்டும்; பூனைக்கடியாலும் இந்நோய் வரும்.

நாயோ பூனையோ கடித்தால், கீறினால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே இதற்கான ஊசிக்குப் பணம் இல்லை. வீட்டு நாய்க்குட்டி விளையாட்டாகக் கடித்தது என்றாலும் போகத்தான் வேண்டும். ஊரடங்கு நாட்களில், வைத்தியசாலைக்குப் போனால் கொவிட் வந்துவிடும் என்று நாய்க்கடியோடு வீட்டில் இருந்த ஒரு தாயை நாங்கள் கெஞ்சிக் கூத்தாடித்தான் அனுப்பிவைத்தோம். போனார். இன்றைக்கு இருக்கிறார்.

பெட்டை நாய் உள்ளவர்கள் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்திய பணிமனையில் கேட்டு வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போட்டு, பெட்டைக்குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தியில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். இந்த இடத்தில் பெட்டைக்குட்டி என்பதற்காகவே வீசப்படுவதைப் பற்றி எனக்கு நிறைய எழுதலாம். இன்னொரு இதழில் பார்ப்போம்.

மாமரத்தடியில்

அம்மாவின் கதைக்கு வருகிறேன். பரிசோதகர் அரைமணி நேரம் தந்தார். அயல்வீட்டுப் பெண் தான் வளவுக்குள் வரமாட்டேன் என்றார், கிருமிப் பயம். அவருடைய பதினான்கு வயது மகள்தான், "வேலிக்கு மேலாலை நான் சோறு போடுறன் அம்மம்மா" என்றாள். சங்கிலியைக் கழற்றினோம். வேலியோரம் இரண்டு சட்டிகளில் தண்ணீர் வைத்தோம். அரிசிப் பேணியை வேலிக்கு மேலால் கொடுத்தோம். கோழிக்கு நெல் எங்கே இருக்கிறது, கறுத்தப் பூனை எந்த நேரம் வரும் என்றெல்லாம் அம்மா தூரத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் தானாகவே வாகனத்தில் ஏறினார். ஜிம்மி சந்திவரைக்கும் ஓடியது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் இரண்டையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாட்கள் அது எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் சிகிச்சை நிலையத்திலிருந்து அம்மா அந்தச் சிறுமிக்கு அழைப்பு எடுப்பார். தனக்கு ஒட்சிசன் வைத்த நாளில்கூட எடுத்தார். நோய் எப்படி என்று ஒருநாளும் சொன்னதில்லை. சோறு குழையக் காய்ச்சினாயா என்றுதான் கேட்பாராம்.

பதினாறாம் நாள் வீடு திரும்பினார். மெலிந்துபோயிருந்தார். ஜிம்மியும் மெலிந்திருந்தது. கோழிகளில் ஒன்று குறைந்தது. மரநாய் பிடித்துவிட்டது என்றாள் சிறுமி. அம்மா நம்பவில்லை. அந்தக் கோழியைப் பற்றி இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு மாதம் கதைவழிப்பாடு இல்லாமலே போனது.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ஜிம்மிக்கு முகமெல்லாம் நரைத்துவிட்டது. சிறுமி உயர்தரம் முடித்துவிட்டாள். வேலியில் ஓர் ஆள் நுழையக்கூடிய பொட்டு விட்டிருந்தார்கள். மத்தியானம் ஜிம்மி எழும்பி அந்தப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் போனது. "அங்கை மீன் எண்டால் இங்கை நிக்கமாட்டான், நன்றி கெட்ட நாய்" என்றார் அம்மா. பிறகு எனக்குத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் அந்தத் தாள் இன்னும் ஒட்டியபடியே இருந்தது. அதில் எழுதியிருந்த பழைய தொலைபேசி இலக்கத்தை வெட்டி, புதியதை நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள்.